நாகர்கோவில் மாடியில் பெலார்கோனியம்: மழையில் தண்டு கறுத்துச் சாய்கிறது, என்ன செய்யலாம்?

ஆசாரிபள்ளம் மாடி

வட்ட இலை, இலை நடுவில் பழுப்பு வளையம், சிவப்புக் கொத்துப் பூ. நர்சரி லேபிளில் ஜெரேனியம் என்று இருக்கிறது. 8 அங்குலக் கறுப்பு பிளாஸ்டிக் சட்டி. செம்மண் பாதி, மக்கின சாணி பாதி. மொட்டைமாடியில் நேர் வெயில். தை, மாசியில் நல்ல பூ. ஜூன் மழை பிடித்த பிறகு மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு கறுத்து, இலை மஞ்சளாகி, செடி ஒவ்வொன்றாகச் சாய்கிறது. நம்ம ஊர்ச் சூடு இதற்கு ஒத்துக்கொள்ளாதா, வேறு காரணமா? மிச்சம் நிற்கிற செடிகளை எப்படிக் காப்பாற்றுவது?

வடசேரி பூந்தோட்டம்

சூடு மட்டும் காரணமில்லை தம்பி. வடியாத ஈரமும் இறங்காத இரவுச் சூடும் ஒன்றுசேரும்போதுதான் வேர் போகிறது. இரவுச் சூட்டை நம்மால் மாற்ற முடியாது, வேர் ஈரத்தை மாற்றலாம். நம்ம மாவட்டத்தில் பெலார்கோனியம் வளர்ப்பில் பாதி வேலை சட்டிக்குள்ளே, மீதி வேலை கூரைக்கு அடியிலே.

முதலில் எந்த வகை என்று தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. லேபிளில் ஜெரேனியம் என்று போட்டாலும் உங்களிடம் இருப்பது பெலார்கோனியம்தான், அதில் சோனல் என்ற வகை. பெலார்கோனியம் சோனேல், பெலார்கோனியம் இன்குவினான்ஸ் என்ற இரண்டு தென்னாப்பிரிக்க இனங்களிலிருந்து வந்த கலப்பு. தண்டு சதைப்பிடிப்பானது, நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓரிரு நாள் காய்ந்தால் ஒன்றும் ஆகாது, ஓரிரு நாள் ஊறினால் போச்சு. பூக்கக் குளிரோ குறிப்பிட்ட பகல் நீளமோ வேண்டாம், வெளிச்சம் போதுமானால் பூக்கும். பகல் 32, 33 டிகிரியைத் தாண்டும் ஏப்ரல், மே மாதங்களில் கொத்து சிறுத்து மொட்டு காயும். அதற்காகச் செடி சாகாது.

அடுத்தது ஐவி, அதாவது பெலார்கோனியம் பெல்டேட்டம். ஐந்து முனை உள்ள, வழவழப்பான தடித்த இலை. தொங்குசட்டிக்கு ஏற்றது. தண்டு லேசாக வளைத்தாலே ஒடிந்துவிடும் என்பதால் நடுகிற இடத்தைத் தீர்மானித்துவிட்டு வாங்குங்கள். நண்பகல் நிழல் இருந்தால் நம்ம ஊரில் நிற்கும். சோனலையும் ஐவியையும் இணைத்து உருவாக்கிய கலப்புகள் இருக்கின்றன, காலியோப் வரிசை அப்படிப்பட்டது. வெக்கையைத் தாங்குவதில் இவைதான் முதலிடம். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ரீகல் வகை மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய பூ, இதழில் கருந்தீற்றல், பல்பல்லான சுருக்க இலை. ஊட்டியிலிருந்து பூவோடு வந்து நிற்கும்போது யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது மொட்டுக்கட்டச் சில வாரங்களாவது இரவில் 15 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். நாகர்கோவிலில் தை மாத இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வந்த பூ உதிர்ந்தபின் வெறும் இலைதான்.

மார்த்தாண்டம் நாற்று

வடசேரி அண்ணன் சொன்னதோடு சட்டிக் கலவையையும் சொல்லிவிடுகிறேன். செம்மண்ணும் சாணியும் சரிபாதி என்பது வெண்டைக்குச் சரி, பெலார்கோனியத்துக்கு ஆகாது. ஒரு வாரம் மழை நின்று பெய்தால் அந்தக் கலவை இறுகிக் களியாகிவிடும், வேருக்குக் காற்றே கிடைக்காது.

10 லிட்டர் கலவைக்கு: கழுவின தென்னைநார்க்கழிவு 3 லிட்டர், கதம்பைத் துண்டு (தேங்காய் மட்டை) கட்டைவிரல் நகம் அளவில் வெட்டினது 3 லிட்டர், 4 முதல் 6 மில்லிமீட்டர் சல்லி அல்லது பெர்லைட் (எரிமலைக்கல்லைப் பொரித்த வெள்ளைக் குருணை) 2 லிட்டர், உமிக்கரி 1 லிட்டர், சலித்த மண்புழு உரம் 1 லிட்டர், டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) 20 கிராம். குவாரியில் பாறைப்பொடி மட்டும் கிடைக்கிறது என்றால் கொசுவலையில் சலித்து மாவைத் தள்ளிவிட்டு மேலே நிற்கிற குருணையை எடுங்கள். மாவு உள்ளே போனால் சிமெண்ட் மாதிரி இடைவெளியை அடைத்துவிடும்.

நார்க்கழிவை அப்படியே போடக் கூடாது. கடலோரக் காயல்களில் ஊறின கதம்பையிலிருந்து வந்தது என்றால் உப்பு நிறைய இருக்கும். 5 கிலோ கட்டியை ஊறவைத்து மூன்று தடவை வெள்ளம் மாற்றிப் பிழியுங்கள். பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, மறுபடி ஒரு அலசு. நாரில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் கழன்று அந்த இடத்தில் கால்சியம் உட்காரும். இதைச் செய்யாவிட்டால் போடுகிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நாரே பிடித்துக்கொள்ளும். செடியின் அடியிலை மஞ்சளாகும், காரணம் தெரியாமல் இன்னும் உரம் போடுவோம்.

8 அங்குலச் சட்டி இதற்குப் பெரிது. ஒரு செடிக்கு 5 அங்குலத்தில் தொடங்கி, வேர் சுற்றிக்கொண்ட பிறகு 6. அதற்கு மேல் அவசியமில்லை. வேர் எட்டாத கலவைதான் நாள்கணக்கில் ஈரமாகக் கிடந்து அழுகலைத் தொடங்கி வைக்கும்.

அடியில் சரளைக்கல் பரப்பினால் வடியும் என்று பலரும் செய்கிறார்கள். பலன் நேர்மாறு. துவைத்த துணியைக் கொடியில் போட்டால் கீழ் ஓரத்தில்தானே ஈரம் தேங்கும்? சட்டியிலும் கலவையின் அடிப்பக்கத்தில் அப்படி ஒரு ஈர அடுக்கு எப்போதும் இருக்கும். கல் போட்டால் அந்த அடுக்கு இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில் வரும். ஓட்டைமேல் ஒரு வலைத்துண்டு போதும். சட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

நர்சரிச் செடியில் இன்னொரு விஷயம். வேரைச் சுற்றிச் சின்னப் பஞ்சுக் கட்டிபோல் பீட் (சதுப்புநில மக்கு) உருண்டை இருக்கும். அதை உதிர்க்காமல் நட்டால் சுற்றிலும் காய்ந்தும் நடுவில் மட்டும் சொதசொதவென்றும் கிடக்கும். வாளித் தண்ணீரில் மெல்ல அலசி, உருண்டையின் வெளிப்பாதியையாவது உதிர்த்துவிட்டு நடுங்கள்.

குலசேகரம் ரப்பர்தோப்பு

அக்கா, எங்கள் பக்கம் செம்மண்ணில் எதை நட்டாலும் வருகிறது. அதைத் தள்ளிவிட்டு இத்தனை சாமான் வாங்க வேண்டுமா? செம்மண்ணோடு சல்லி சேர்த்தால் போதாதா?

மார்த்தாண்டம் நாற்று

வடிகால் ஓரளவு சரியாகும் தம்பி, அமிலம் சரியாகாது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் செம்மண் அமில மண், இரும்பும் மாங்கனீசும் நிறைந்தது. ரப்பருக்கும் மிளகுக்கும் அது இஷ்டம். சோனல் பெலார்கோனியம் பி.எச். (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.8க்குக் கீழே போனால் இந்த இரண்டையும் அளவுக்கு மீறி உறிஞ்சும். முற்றின இலைகளில் ஊசிமுனை அளவுக்குச் செம்பு நிறப் புள்ளிகள் நெருக்கமாக வரும், பிறகு இலை ஓரம் கருகும். பார்ப்பவர்கள் பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிப்பார்கள், நிற்காது.

சோனலுக்கு 6.0 முதல் 6.5, ஐவிக்கு 5.5 முதல் 6.0. ஒரு பங்கு கலவை, இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் கழித்துத் பி.எச். தாள் வைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் கலவை ஒரு லிட்டருக்கு 1 கிராம் டோலமைட் தூளாக மேலே தூவித் தண்ணீர் விட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். செம்மண்ணை விட மனமில்லை என்றால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆசாரிபள்ளம் மாடி

நன்றி அக்கா. கறுத்த தண்டைத் தொட்டால் வழுவழுவென்று, கரிபோல் பளபளப்பாக இருக்கிறது. மண் மட்டத்திலிருந்து மூன்று விரல் உயரம் வரை ஏறியிருக்கிறது. ஆனால் மற்றொரு செடியில் தண்டு பச்சையாகவே இருக்க, இலை மட்டும் வாடுகிறது. இரண்டும் ஒரே நோயா?

தக்கலை பயிர்நலம்

இரண்டும் வேறு. பிரித்துப் பார்க்காமல் மருந்துக் கடைக்குப் போனால் காசுதான் வீண்.

முதலாவது கருங்கால் நோய், பித்தியம் என்ற நீர்ப்பூஞ்சையால் வருவது. மண் மட்டத்தில் தொடங்கி மேலே ஏறும். கறுப்பு, ஈரம், பளபளப்பு மூன்றும் சேர்ந்திருக்கும். அந்தச் செடி பிழைக்காது. கறுப்புக்கு நான்கு விரல் மேலே தண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெட்டுமுகம் முழுக்க வெளிர்பச்சையாக இருந்தால் நுனியைக் குச்சியாக நடலாம். ஒரு கோடு பழுப்பு தெரிந்தாலும் வேண்டாம். பக்கத்தில் நல்லபடியாக நிற்கிற செடிகளுக்கு மெட்டலாக்சில்-மேன்கோசெப் கலவை லிட்டருக்கு 2 கிராம், சட்டிக்கு 100 மில்லி, வேரில் ஊற்றுங்கள். இது வராமல் தடுக்கும், வந்ததைத் திருப்பாது. டிரைகோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) போடுகிறவர்கள் இதற்குப் பிறகு 15 நாள் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து அதையும் கொன்றுவிடும். சட்டி மேலே சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் அலட்சியம் வேண்டாம். அதன் புழு வேரைக் கடித்துப் பித்தியத்துக்கு வாசல் திறந்துவிடும். மேல்மண் காய்ந்தால் அந்த ஈயும் குறையும்.

இரண்டாவது பாக்டீரியா வாடல் என்று சந்தேகிக்கிறேன். அதிலும் இரண்டு இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் 2, 3 மில்லிமீட்டர் அளவில் நீர்கோத்த புள்ளி, அல்லது இலை ஓரத்திலிருந்து நரம்பை நோக்கி ஆப்பு வடிவத்தில் மஞ்சள், பிறகு வாடல் என்றால் சாந்தோமோனாஸ். புள்ளி எதுவும் இல்லாமல் அடியிலையிலிருந்து தொங்கத் தொடங்கினால் ரால்ஸ்டோனியா. கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சியில் நாம் பார்க்கிற அதே வாடல் பாக்டீரியாதான். கத்தரி நின்ற சட்டி மண்ணை மறுபடி உபயோகித்தால் வருவது இதுதான்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர், ஆடாத மேசை. வாடின செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, வெட்டுமுகம் மட்டும் நீரில் படும்படி கவ்வியில் பிடித்து நிறுத்துங்கள். பின்னால் கறுப்புத் துணி வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டின இடத்திலிருந்து பால்நிற இழை ஒன்று புகைபோல் கீழே இறங்கினால் பாக்டீரியாதான். ரால்ஸ்டோனியாவில் இது நன்றாகத் தெரியும், சாந்தோமோனாஸில் மங்கலாக இருக்கலாம். கறுத்துப்போன இடத்தில் வெட்டினால் அழுகின சாறு கலங்கித் தெரியும், அது கணக்கில்லை.

உறுதியானால் சட்டியோடு, மண்ணோடு வெளியேற்றுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் பக்கத்துச் செடி இலைகளைப் பாதுகாக்கும். தண்டுக்குள் புகுந்த பாக்டீரியாவைத் தொடாது. ‘குணப்படுத்தும்’ என்று யார் எதைக் கொடுத்தாலும் நம்ப வேண்டாம். பழைய சட்டியைத் தேய்த்துக் கழுவி, லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரில் அரை மணி நேரம் முக்குங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் இடையே 70 சதவீத ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

மாடியில் பலர் செய்கிற ஒரு அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்: மேலே தொங்குசட்டியில் ஐவி, கீழே வரிசையாகச் சோனல். அழகுதான். ஆனால் ஐவியில் சாந்தோமோனாஸ் வந்தால் வெளியே பெரிதாகத் தெரியாது, சத்துக்குறைவுபோல் இலை வெளுத்து நிற்கும், அவ்வளவே. அதிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு துளியும் கீழே இருக்கிற சோனலில் விழும். இரண்டையும் எதிரெதிர்ச் சுவர்களில் வையுங்கள்.

ஐவி இலையின் அடியில் சொரசொரப்பான பழுப்புக் கொப்புளம் வந்தால் பயப்பட வேண்டாம். அது நோயில்லை. வெதுவெதுப்பான ஈர மண்ணும் புழுக்கக் காற்றும் சேர்ந்து, வேர் ஏற்றுகிற நீரை இலை ஆவியாக்க முடியாமல் செல் வெடிப்பது. நீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் புது இலை நன்றாக வரும், பழைய இலையில் வடு அப்படியே இருக்கும்.

ஆரல்வாய்மொழி காற்று

மழை பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். மாவட்டத்தின் கிழக்கில் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்றுதான், மழை குறைவு. காற்றாலைகள் இங்கே வந்ததே அதனால்தானே. அந்தக் காற்றில் ஐவித் தண்டு முறியும், சோனல் இலை ஓரம் காய்ந்து சுருளும், 5 அங்குலச் சட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். இங்கே மார்த்தாண்டம் கலவையில் கதம்பைத் துண்டை 2 லிட்டராகக் குறைத்து நார்க்கழிவை 4 ஆக்குங்கள். மேற்குப் பக்கம் 50 சதவீத நிழல்வலையைச் சுவர்போல் நிறுத்திக் கட்டுங்கள். முழுத் தடுப்பு வேண்டாம். கெட்டியான தட்டியைத் தாண்டி வருகிற காற்று பின்பக்கம் சுழன்று இன்னும் மோசமாக அடிக்கும்.

மேற்கே மார்த்தாண்டம், திருவட்டாறு, குலசேகரம் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. அங்கே ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடோ யு.வி. பாலித்தீன் கூரையோ இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கூரை செடிக்கு மேலே ஆறடியாவது உயரட்டும், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும்.

வெயில்: காலை 5 மணி நேரம் போதும். மார்ச் நடுவிலிருந்து மே வரை 11 மணிக்குமேல் நிழல்வலை. கறுப்புச் சட்டியின் வெயில் படும் பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள் அல்லது மண்சட்டிக்கு மாறுங்கள். மாடித் தளத்தின் சூடும் சேரும் என்பதால் செங்கல்மேல் தூக்கி வைக்கிற யோசனை வெயில் காலத்துக்கும் பொருந்தும்.

வடசேரி பூந்தோட்டம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் ஒரே செடியை நாலு வருஷம் வைத்திருக்க நினைக்காதீர்கள். வருஷம் ஒரு முறை குச்சி நட்டுப் புதுப்பிக்க வேண்டும். பழைய செடியின் கட்டைபோன்ற அடித்தண்டுதான் மழையில் முதலில் அழுகும்; இளம் செடி புதுக் கலவையில் நின்றால் தாங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனியும் வெயிலுமாக இருக்கிற தை மாதம் இதற்குச் சரியான நேரம். தவறினால் மாசி முதல் பாதி. பங்குனியில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே வெக்கை வந்துவிடும்.

தாய்ச்செடிக்கு முதல் நாள் தண்ணீர் வேண்டாம். காலையில், பூ இல்லாத, பென்சில் தடிமன் உள்ள நுனியைத் தேர்ந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் வெட்டுங்கள். வெட்டு கணுவுக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும். மேலே இரண்டு மூன்று இலை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். இலைக்காம்பு தண்டில் ஒட்டுகிற இடத்தில் காகிதம்போல் இரண்டு சிறு செதில் இருக்கும், அதையும் உரித்துவிடுங்கள். கலவைக்குள் போனால் அழுகல் அங்கேதான் பிறக்கும். மொட்டு எவ்வளவு சிறியதானாலும் கிள்ளிவிடுங்கள்.

நிழலில் தட்டில் பரப்பி மூன்று நான்கு மணி நேரம் விட்டால் வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும். அடியில் மூன்று ஓட்டை போட்ட காகித டீ கப், கழுவின கொரகொரப்பான எம்-சாண்ட் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. குச்சி 3 சென்டிமீட்டர் உள்ளே. ஒரு தடவை நீர் விடுங்கள். அடுத்தது கப்பைக் கையில் தூக்கிப் பார்த்து லேசாகத் தெரியும்போதுதான். வேர் ஹார்மோன் கட்டாயமில்லை. போட விரும்பினால் ஐ.பி.ஏ. 1000 பி.பி.எம். தூளுக்கு மேல் போகாதீர்கள்.

செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் செய்வதுபோல் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவே கூடாது. இலையில் ரோமம் உள்ள சதைத்தண்டு அந்தப் புழுக்கத்தில் இரண்டு நாளில் கொழகொழத்துவிடும். திறந்த நிழல், நல்ல காற்று. முதல் வாரம் அடியிலை ஒன்று மஞ்சளாகும், பரவாயில்லை. மூன்று வாரத்தில் நுனியில் புது இலை விரியும். அதன் பிறகு 5 அங்குலச் சட்டி; ஐந்தாறு இலை ஆனதும் நுனி கிள்ளினால் புதராகும்.

தக்கலை பயிர்நலம்

ஒரு சேர்க்கை. சந்தேகமான செடியிலிருந்து குச்சி எடுத்தால் நோயும் கூடவே வரும். மாடியில் ஒரு தடவை பாக்டீரியா வந்துவிட்டால் அடுத்த வருஷம் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பின) விதைக்கு மாறுவது நல்லது. மேவரிக், ஹொரைசன் போன்ற வரிசைகள் விதையில் கிடைக்கின்றன. சாந்தோமோனாஸ் வழக்கமாகக் குச்சி வழி பரவுவது, விதை வழி அல்ல. 22 முதல் 24 டிகிரியில் ஒன்றிரண்டு வாரத்துக்குள் முளைக்கும், பூவுக்கு மூன்று நாலு மாதம் ஆகும். அதனால் இங்கே அக்டோபர் தொடக்கத்தில் கூரைக்கு அடியில் விதைத்தால் தை, மாசி வெயிலுக்குப் பூ கிடைக்கும்.

ஆசாரிபள்ளம் மாடி

பச்சைத் தண்டோடு வாடின செடியில் தம்ளர் சோதனை செய்தேன் சார், பால் இழை தெளிவாக இறங்கியது. அந்தச் சட்டியில் முன்பு மிளகாய் நின்றது. தூக்கிப் போட்டாயிற்று. மற்றச் செடிகளை இப்போதே புதுக் கலவைக்கு மாற்றலாமா? உரம் எப்படி?

மார்த்தாண்டம் நாற்று

மழை அடிக்கும்போது வேரைத் தொடாதீர்கள். அறுந்த வேர் ஈரத்தில் ஆறாது. இப்போதைக்குக் கூரைக்கு அடியில் நகர்த்தி, மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகே தண்ணீர். மஞ்சள் இலையையும் உதிர்ந்த இதழையும் அன்றன்றே எடுங்கள். அடுக்கு இதழ்ப் பூ என்றால் மழைக்காலத்தில் நீர் கோத்துச் சாம்பல் பூஞ்சை பிடிக்கும், அந்தக் கொத்து கீழே இலையில் விழுந்த இடமெல்லாம் அழுகும். பூ முடிந்த கொத்தைக் கத்தரிக்காதீர்கள். காம்பு தண்டில் சேர்கிற இடத்தில் சிறு புடைப்பு இருக்கும். காம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்தால் டக்கென்று சுத்தமாகக் கழன்றுவரும். பாதியில் வெட்டினால் மிச்சக் காம்பு அழுகித் தண்டுக்குள் இறங்கும்.

மழை மாதங்களில் உரம் ஏறத்தாழ வேண்டாம். மற்ற மாதங்களில் பத்து நாளுக்கு ஒரு முறை: ஒரு தடவை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) லிட்டருக்கு 1 கிராம், அடுத்த தடவை கால்சியம் நைட்ரேட் 1 கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது, சுண்ணாம்புபோல் படிந்துவிடும். மொட்டு தெரிந்ததும் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு 1 கிராம். அடியிலையில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்தால் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) 1 கிராம். யூரியாவும் கடலைப்பிண்ணாக்குக் கரைசலும் இதற்கு ஆகாது: நம்ம வெக்கையில் உள்ளங்கை அகல இலையும் நீண்ட காம்புமாக ஓடும், பூ வராது, தண்டு இளகி அழுகலுக்கு இடம் கொடுக்கும்.

குளச்சல் கரை

கடற்கரையில் கிணற்று நீர் உப்பு. அதோடு கொசுவை விரட்டும் செடி என்று ஒரு ஜெரேனியம் விற்கிறார்களே, அது இங்கே வருமா?

வடசேரி பூந்தோட்டம்

நீரை இ.சி. மீட்டரில் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். 1.5 dS/m-க்கு மேல் இருந்தால் அதை மட்டும் நம்பி வளர்க்க முடியாது, இலை ஓரம் முதலில் கருகும். மாடி மழைநீரை டிரம்மில் பிடித்து உபயோகிப்பதுதான் வழி. கலந்து விடுவதென்றால் மாதம் ஒரு முறையாவது சட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல நீர் ஊற்றி உப்பைக் கழுவி வடியுங்கள். கடற்காற்றில் இலைமேல் உப்பு படியும்; காலையில் நல்ல நீர் தெளித்து, வெயிலேறும் முன் இலை உலர்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

கொசுச்செடி என்று விற்பது வாசனை இலை பெலார்கோனியம்தான். எலுமிச்சை வாடை வரும். ஆனால் செடி சும்மா நிற்பதால் கொசு போகாது. எண்ணெய் இலை ரோமத்தின் நுனிச் சுரப்பிகளுக்குள் இருக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். அந்த நம்பிக்கையில் வாங்க வேண்டாம், வாசனைக்காக வாங்குங்கள். ரோஸ் ஜெரேனியம் என்கிற வகை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எண்ணெய்க்காகப் பயிராகிறது. பூவை அல்ல, இலையையும் இளந்தண்டையும் நீராவியில் வடிக்கிறார்கள், சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும்தான் முக்கியப் பொருள்கள். சமவெளியில் பூ அதிகம் எதிர்பார்க்காமல் இலைக்காக வைத்தால் சோனலைவிடக் கடினமான செடி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் கட்டை ஏறாமல் இருக்கும். நடைபாதை ஓரம், கை உரசுகிற இடத்தில் வையுங்கள்.

ஆசாரிபள்ளம் மாடி

கடைசிச் சந்தேகம் அண்ணாச்சி. தையில் குச்சி எடுக்க வேண்டும் என்றால் தாய்ச்செடியை எப்போது வெட்டிவிட வேண்டும்?

வடசேரி பூந்தோட்டம்

நவம்பர் கடைசியில். மழை இடைவெளி விடும் ஒரு காய்ந்த காலையில், மூன்று கணு விட்டு வெட்டுங்கள், ஒவ்வொரு தண்டிலும் ஒரு பச்சை இலையாவது இருக்கட்டும். இலையே இல்லாமல் மொட்டையாக வெட்டினால் துளிர்க்காமல் பின்வாங்கிக் காயும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துத் தடவுங்கள். ஐந்தாறு வாரத்தில் வருகிற பக்கத்துளிர்தான் குச்சிக்கு ஏற்ற இளம் நுனி. வெட்டின பிறகு இலை குறைவு, நீர்த்தேவையும் குறைவு. பழைய கணக்கில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், சட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றுங்கள்.